உழைப்பவர்க்கு எட்டும் நீதி

நுழையும்முன்

படிப்பை முடித்தபின் நம்முள் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு நிறுவனத்தில் பணிக்குச் செல்லவிருக்கிறோம். அங்கே முறையற்ற வகையில் வேலை பறிபோனால் எங்கே முறையிடுவது? உரிமையியல் நீதிமன்றங்கள் இருக்க, தொழிலாளர்க்கெனத் தனி நீதிமன்றம் எதற்கு? அதன் வாயில் உழைப்பவர்க்கு எந்த அளவு திறந்திருக்கிறது? இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

சென்னைப் பெரம்பூரில் இருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் 1918ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஒன்றுகூடிச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினர். பி.பி. வாடியா அதன் தலைவரானார், தமிழ்த்தென்றல் திரு.வி.க. அதன் வளர்ச்சியில் பெரும்பங்கு கொண்டார். ஈராண்டுகள் கழிந்து, 1920ஆம் ஆண்டில் ஆலையில் பூசல் மூண்டது. நிருவாகம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. வேலைக்குத் திரும்பவேண்டா என்று தொழிலாளரிடம் சொல்வது, அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தை மீறுமாறு தூண்டுவதாகும் என்பது அதன் வாதம். நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்றுச் சங்கத்தினருக்கு எதிராகத் தடையாணை பிறப்பித்தது.

அந்நாளைய பொதுச்சட்டத்தின்படி அத்தீர்ப்பில் வியப்பேதும் இல்லை. ஆலை முதலாளி ஒருவர். நெசவுத் தொழிலாளி ஒருவர். இருவரும் விரும்பிச் செய்துகொண்ட ஒப்பந்தம் ஒன்று. சட்டத்தின் பார்வைக்குத் தென்பட்டவை இவ்வளவே. ஒருவரிடம் ஆலையும் மூலதனமும் வழக்கறிஞர்களும் இருந்தார்கள் என்பதும், மற்றவரிடம் அடுத்த வேளை உணவுக்கான கூலி மட்டுமே இருந்தது என்பதும் வழக்கின் ஆவணங்களில் இடம்பெறவில்லை. இந்தியத் தொழிலாளி நீதிமன்றத்தை முதன்முதலாக அறிந்துகொண்டது இப்படித்தான். தமக்குக் காவலாக அன்று, தம்மைத் தடுக்கும் கையாக. இவ்வழக்கு எழுப்பிய கிளர்ச்சியின் பயனாகவே 1926ஆம் ஆண்டில் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது.

தொழிலாளர் நீதிமன்றம் என்னும் அமைப்பைப் புரிந்துகொள்ள இவ்வரலாறு தேவை. வழக்குகள் பெருகிவிட்டன என்பதற்காக ஏற்படுத்தப்பட்ட கூடுதல் நீதிமன்றம் அன்று அது. சமமற்ற இருவரைச் சமமானவராகக் கருதி வழங்கப்படும் நீதி, வலியவர்க்கே துணைபோகும் என்னும் பட்டறிவிலிருந்து எழுந்தது. அந்தப் பிறப்பின் நோக்கத்தை அது மறந்து, சாதாரண உரிமையியல் நீதிமன்றத்தைப்போல நடந்துகொள்ளும் ஒவ்வொரு முறையும் தொழிலாளி அதன் வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறார் என்பது என் கருத்து. வாயிலை அகலப்படுத்துவதற்குப் புதிய கட்டடங்களைவிட இந்த நினைவே முதலில் வேண்டும்.

ஒப்பந்தத்திற்கு அப்பால்

முறையின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர் உரிமையியல் நீதிமன்றத்திற்குச் சென்றால் என்ன கிடைக்கும்? அறிவிப்புக் காலத்திற்கான ஊதியமோ, சிறிதளவு இழப்பீடோ கிடைக்கலாம். 'அவரை மீண்டும் வேலையில் சேர்த்துக்கொள்' என்று அந்நீதிமன்றம் பொதுவாக ஆணையிடாது. விருப்பமில்லாத ஒருவரிடம் மற்றொருவரைப் பணியாளராகத் திணிக்க இயலாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் பழைய நெறி.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் இந்நெறியைக் கடந்தது. தொழில் தீர்ப்பாயம் ஒன்று, நீக்கப்பட்டவரை மீண்டும் பணியமர்த்த ஆணையிடலாமா என்ற வினா 1949ஆம் ஆண்டில் கூட்டாட்சி நீதிமன்றத்தின்முன் வந்தபோது, இடலாம் என்றே விடை கிடைத்தது. பின்னர் 1971ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட 11அ பிரிவு, தொழிலாளர் நீதிமன்றத்தின் கையை மேலும் வலுப்படுத்தியது. செய்த தவற்றுக்கு விதித்த தண்டனை மிகையானது என்று நீதிபதி கருதினால் அத்தண்டனையை நீக்கவோ குறைக்கவோ செய்யலாம். இரவுப்பணியில் சற்றே கண்ணயர்ந்தவருக்கும் ஆலைப்பொருளைத் திருடியவருக்கும் ஒரே தண்டனை என்பது நிருவாகத்தின் விருப்பமாக இருக்கலாம், நீதியாகாது. புதிய சட்டத் தொகுப்பிலும் இவ்வதிகாரம் நீடிக்கிறது.

ஆக, தொழிலாளர் நீதிமன்றத்திடம் வேறெந்த நீதிமன்றத்திடமும் இல்லாத ஒரு மருந்து இருக்கிறது. இழந்த வேலையையே அது திருப்பித் தரும். அம்மருந்து நோயாளியின் கைக்குச் சென்று சேர்கிறதா என்பதே நம்முன் உள்ள சிக்கல்.

கதவு திறந்த கதை

1956ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே 'தொழிலாளர் நீதிமன்றம்' என்னும் பெயரில் தனி அமைப்பு உருவானது. ஆனால், அதன் கதவைத் தொழிலாளி தம் கையால் தட்ட இயலவில்லை. தனியொருவரின் பணிநீக்கம் 'தொழில் தகராறு' எனக் கருதப்படவேண்டுமாயின், தொழிற்சங்கமோ உடன் பணியாற்றுவோரில் கணிசமானவர்களோ அதனைத் தம் வழக்காக எடுத்துக்கொள்ளவேண்டும். சங்கமே இல்லாத சிறு பட்டறையில் வேலை பார்த்தவருக்கும், சங்கத் தலைவரோடு பிணக்குக் கொண்டவருக்கும் வழியில்லை. 1965ஆம் ஆண்டில் 2அ பிரிவு சேர்க்கப்பட்ட பின்னரே தனியொருவரின் பணிநீக்கமும் தொழில் தகராறு என ஏற்கப்பட்டது.

அப்போதும் ஒரு தாழ்ப்பாள் எஞ்சியிருந்தது. சமரச அலுவலர் இருதரப்பையும் அழைத்துப் பேசுவார். பேச்சு முறிந்தால் அரசுக்கு அறிக்கை அனுப்புவார். அரசு விரும்பினால் வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பும், விரும்பாவிடில் இல்லை. நீதி கேட்கும் உரிமை ஒரு கோப்பின் நகர்வைச் சார்ந்திருந்தது. தமிழ்நாடு 1988ஆம் ஆண்டில் இத்தாழ்ப்பாளை நீக்கியது. சமரசப் பேச்சு முறிந்தபின், பணிநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி தாமே நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றத்தை அணுகலாம் என மாநிலத் திருத்தம் கொண்டுவரப்பட்டது. நடுவணரசின் சட்டத்தில் இத்தகைய வழி ஏற்பட 2010ஆம் ஆண்டு வரை காத்திருக்கவேண்டியிருந்தது. தமிழகம் முந்திச் சென்ற செய்திகளைப் பட்டியலிடும்போது நாம் பெரும்பாலும் மறந்துவிடும் ஒன்று இது.

இப்போது மற்றொரு மாற்றத்தின் நடுவே நிற்கிறோம். 2020ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பழைய தொழிலாளர் நீதிமன்றங்களின் இடத்தில் ஒரு நீதித்துறை உறுப்பினரும் ஓர் ஆட்சித்துறை உறுப்பினரும் கொண்ட தொழில் தீர்ப்பாயங்கள் அமையவேண்டும். அரசின் அனுப்பாணைக்குக் காத்திராமல் தரப்பினரே தீர்ப்பாயத்தை அணுகலாம் என்பது இதன் நற்கூறு. ஆனால், பணிநீக்கத்தை எதிர்த்து முறையிடுவதற்கு முன்பிருந்த மூன்றாண்டுக் கால எல்லை இரண்டாண்டாகக் குறைந்திருக்கிறது. ஒரு பக்கம் கதவு அகன்று, மறுபக்கம் சற்றே சாத்தப்பட்டிருக்கிறது என்று சொல்லலாம். வேலையிழந்த அதிர்ச்சியில் ஊர் திரும்பி, கிடைத்த கூலிவேலையில் குடும்பத்தைத் தாங்கிக்கொண்டு, தமக்கு இப்படியோர் உரிமை உண்டு என்று யாரோ சொல்லக் கேட்டு மீண்டும் நகரத்துக்கு வருவதற்குள் ஓராண்டு எளிதில் கழிந்துவிடும்.

பெயர் எதுவானாலும் பணி ஒன்றே. பழைய நீதிமன்றங்கள் கற்றுத்தந்தவற்றுள் எவற்றைப் புதிய தீர்ப்பாயங்கள் எடுத்துச் செல்லவேண்டும், எவற்றை விட்டுவிடவேண்டும் என்பதைச் சிந்திக்க இதைவிடத் தக்க தருணம் வாய்க்காது.

சான்று யார் கையில்?

நூற்பாலை ஒன்றில் மூன்றாண்டுகள் வேலை பார்த்த பெண் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பணி நியமன ஆணை அவருக்குத் தரப்படவில்லை. ஊதியம் உறையில் வைத்துக் கொடுக்கப்பட்டது, சீட்டு இல்லை. வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டார். பதிவேடு ஆலையின் அலமாரியில் இருக்கிறது. ஒருநாள் மேற்பார்வையாளர், 'நாளை முதல் வரவேண்டா' என்று சொல்லிவிடுகிறார். ஓராண்டில் 240 நாள் வேலை பார்த்தவரை முன்னறிவிப்பும் இழப்பீடும் தராமல் ஆட்குறைப்புச் செய்யக்கூடாது என்கிறது சட்டம். அப்பெண் நீதிமன்றத்துக்கு வருகிறார். அவரிடம் கேட்கப்படும் முதல் வினா: 'நீங்கள் 240 நாள் வேலை பார்த்தீர்கள் என்பதற்குச் சான்று என்ன?'

சான்றைக் காட்டும் சுமை தொழிலாளியினுடையதே என உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. வேலை பார்த்ததாகத் தொழிலாளி உறுதிமொழிந்து கூறினால் மட்டும் போதாது என்றும் அது கருதியது. வழக்கு தொடுப்பவரே மெய்ப்பிக்கவேண்டும் என்னும் பொதுநெறிப்படி இது சரியெனத் தோன்றலாம். ஆனால், இந்நெறி தொழிலாளர் வழக்கில் என்ன விளைவைத் தரும்? ஆவணம் எதையும் கொடுக்காத முதலாளி தண்டிக்கப்படுவதற்கு மாறாக, ஆவணம் கொடுக்காததாலேயே வெற்றி பெறுவார். சட்டத்தை மதித்து நியமன ஆணையும் ஊதியச்சீட்டும் தந்த நேர்மையான முதலாளிதான் வழக்கில் சிக்குவார்.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை இந்தக் கண்ணோட்டத்தில் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். பாண்டியன் அவையில் வழக்காட வந்த கண்ணகியிடம் ஒற்றைச் சிலம்புதான் இருந்தது. வழக்கைத் தீர்க்கவல்ல சான்று, கோவலனிடமிருந்து கைப்பற்றப்பட்ட மற்றைச் சிலம்பு. அது அரண்மனையில் இருந்தது. அதாவது எதிர்த்தரப்பின் காவலில் இருந்தது. 'அச்சிலம்பை நீயே கொண்டுவந்து மெய்ப்பி' என்று பாண்டியன் சொல்லவில்லை. அதனைக் கொண்டுவருமாறு தானே ஆணையிட்டான், அவள்முன் வைத்தான். அதன்பிறகே பரல் தெறித்தது, உண்மை வெளிப்பட்டது. தவறிழைத்த மன்னன் என்றாலும், சான்று தன் கையில் இருக்க அதனை மறைக்காத ஒரு நேர்மை அவனிடம் இருந்தது. நம் வழக்குகளில் சான்றைக் கையில் வைத்திருக்கும் தரப்பு தானாக அதனை வெளியே வைக்கும் என எதிர்பார்க்க இயலாது. ஆகவே அந்த ஆணையை நீதிபதி இடவேண்டும்.

2005ஆம் ஆண்டில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றமே இந்நிலையைத் தெளிவுபடுத்தியது. நாட்கூலிகளுக்கு நியமன ஆணையோ ஊதியச்சீட்டோ கிடைப்பதில்லை என்னும் நடைமுறையை அது ஏற்றுக்கொண்டது. தொழிலாளி சாட்சிக்கூண்டில் ஏறிச் சான்று கூறி, வருகைப் பட்டியல் முதலியவற்றைக் கொண்டுவருமாறு நிருவாகத்தை அழைக்கலாம் என்றது. வழி இருக்கிறது, அவ்வழி தொழிலாளிக்குத் தெரிவதில்லை. ஆவணங்களைக் கோரும் மனுவை உரிய கட்டத்தில் தாக்கல் செய்யவேண்டும் என்று அவருக்கு யார் சொல்வார்?

எனவே, வழக்கின் முதல் நாளிலேயே வருகைப் பதிவேடு, ஊதியப் பதிவேடு, தொழிலாளர் ஈட்டுறுதி, வருங்கால வைப்பு நிதிக் கணக்குகள் ஆகியவற்றைத் தாக்கல் செய்யுமாறு ஒவ்வொரு நிருவாகத்திற்கும் தீர்ப்பாயம் தானே ஆணையிடவேண்டும். யாரும் மனுப்போட்டுக் கேட்கும்வரை காத்திருக்கக்கூடாது. கொண்டுவராத நிருவாகம், தொழிலாளி கூறும் நாள்கணக்கை மறுக்கும் உரிமையை இழக்கவேண்டும். பணியாளர் ஒவ்வொருவருக்கும் நியமன ஆணை தரவேண்டும் என்று புதிய சட்டத் தொகுப்புகளுள் ஒன்று கட்டாயமாக்கியுள்ள இந்நாளில், இவ்வாணையைத் தாராதவரின் வாயிலாக ஐயத்தின் பயனை அவருக்கே வழங்குவது முரணாகும். வாயில்களை அகலப்படுத்தும் வழிகள் அனைத்திலும் இதனையே நான் முதலாவதாக வைப்பேன். இதற்குப் புதிய கட்டடமோ பெருஞ்செலவோ தேவையில்லை.

தொலைவும் செலவும்

தமிழ்நாட்டின் தொழிலாளர் நீதிமன்றங்கள் சென்னை, கோவை, மதுரை, சேலம், திருச்சி, வேலூர் முதலிய நகரங்களில் வளர்ந்தவை. நகரத்து ஆலைத் தொழிலாளிக்கு அது பொருத்தமே. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர் கோவைக்கு வரவேண்டுமென்றால் 40 கொண்டையூசி வளைவுகளை இறங்கி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம் செய்யவேண்டும். அன்றைய கூலி போயிற்று. பேருந்துக் கட்டணம் போயிற்று. வந்து சேர்ந்தபின் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாய்தா கேட்கிறார்; நீதிமன்றமும் கொடுக்கிறது. இப்படி நான்கைந்து வாய்தாக்கள் ஆனால், வழக்கின் நியாயம் என்னவாயினும் தொழிலாளி வருவதை நிறுத்திவிடுவார்.

பிரேசில் நாட்டில் தொழிலாளர் வழக்குகளுக்கெனத் தனி நீதித்துறையே இருக்கிறது. அங்கு 2004ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தம், வட்டாரத் தொழிலாளர் நீதிமன்றங்கள் மக்களை நாடிச் சென்று வழக்குக் கேட்கவேண்டும் என விதித்தது. அமேசான் ஆற்றுப்பகுதியில் நீதிபதிகள் படகில் சென்று கரையோர ஊர்களில் அமர்ந்து விசாரிக்கின்றனர். அமேசானில் படகு செல்லுமானால் ஆனைமலையில் பேருந்து செல்லாதா? திங்களுக்கு இரண்டு நாள் தீர்ப்பாயம் மலைப்பகுதியிலோ சிவகாசி போன்ற தொழில் ஊர்களிலோ அமர்வதைப் பெரிய சீர்திருத்தம் என்றுகூடச் சொல்லவேண்டியதில்லை. காணொலி விசாரணை இதற்கு மாற்று என்பர் சிலர். முதற்கட்ட அழைப்புகளுக்கு அது போதும். சாட்சி சொல்லும்போது மட்டும் தொழிலாளி நீதிபதியின்முன் நேரில் நிற்பதே நன்று என்பேன். முதலாளியின் பெயரைச் சொல்லவே அஞ்சும் ஒருவரின் தயக்கம், கைபேசித் திரையில் பொய்யைப்போலத் தோன்றிவிடக்கூடும்.

செலவு குறித்து இங்கிலாந்து தரும் பாடம் எளியது. அங்கே 2013ஆம் ஆண்டு சூலை முதல் பணித் தீர்ப்பாயத்தில் வழக்கிடக் கட்டணம் விதிக்கப்பட்டது. தனியொருவர் செலுத்தவேண்டிய தொகை சில வழக்குகளில் 1,200 பவுண்டு வரை சென்றது. வழக்குகளின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் இருபங்கு வீழ்ந்தது. முதலாளிகள் திடீரென நல்லவராகிவிட்டதன் விளைவன்று அது. தொழிற்சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில், இக்கட்டணம் நீதியை அணுகும் உரிமையையே தடுக்கிறது எனக் கூறி 2017ஆம் ஆண்டு சூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. நம் நாட்டில் நல்வாய்ப்பாக, கோரும் தொகைக்கேற்ற நீதிமன்றக் கட்டணம் தொழிலாளர் வழக்கில் இல்லை. இச்சிறப்பைப் புதிய அமைப்பு எக்காரணம் கொண்டும் இழக்கலாகாது.

கட்டணம் இல்லாவிடினும் மனு எழுத ஆள் வேண்டுமே! 1947ஆம் ஆண்டுச் சட்டம், எதிர்த்தரப்பின் இசைவும் நீதிமன்றத்தின் ஒப்புதலும் இருந்தால்தான் வழக்கறிஞர் தோன்றலாம் என்றது. இருதரப்பினரும் தாமே எளிய மொழியில் பேசித் தீர்க்கும் இடமாக அதனைக் கருதியதே காரணம். நடைமுறையில் அக்கனவு நிறைவேறவில்லை. நிருவாகத்தின் சார்பில் சட்டம் பயின்ற அலுவலர் வருவார். தொழிலாளியும் வழக்கறிஞரைத் தேடவேண்டியதாயிற்று. செருமானியத் தொழிலாளர் நீதிமன்றங்களில் இதற்கு நல்லதோர் ஏற்பாடு உண்டு. வழக்கிட வருபவர் அங்குள்ள மனுப்பிரிவுக்குச் சென்று நடந்ததை வாய்மொழியாகச் சொன்னால், நீதிமன்ற அலுவலரே அதனை மனுவாக எழுதித் தருவார். நம் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு மேசையும், சட்டமறிந்த ஓர் அலுவலரும் இருந்தால் இதனைச் செய்யலாம்.

தெரிந்து தெளிவோம்

1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12ஆம் பிரிவின்படி, தொழிற்சாலைத் தொழிலாளி, பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் இலவசச் சட்ட உதவி பெற உரியவர். வருமான வரம்பு இவர்களுக்குத் தடையாகாது. தேசியச் சட்ட உதவித் தொலைபேசி எண் 15100.

காலம் தின்னும் ஊதியம்

தொழிலாளர் நீதிமன்றத்தில் வென்றவர் வென்றவர் ஆகமாட்டார். நிருவாகம் உயர் நீதிமன்றத்திற்குச் செல்லும். அங்கே தனி நீதிபதி, பின் இருநீதிபதி அமர்வு, அதன்மேல் உச்ச நீதிமன்றம். தீர்ப்பு இறுதியாவதற்குள் தொழிலாளியின் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடித்திருப்பர். சில வேளைகளில் அவரே ஓய்வு பெறும் வயதைக் கடந்திருப்பார்.

இதற்குத் தீர்வாக 17ஆ பிரிவு 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. மீண்டும் பணியமர்த்துமாறு தீர்ப்பான பிறகு நிருவாகம் மேல்முறையீட்டுக்குச் சென்றால், வழக்கு முடியும்வரை அத்தொழிலாளி கடைசியாகப் பெற்ற ஊதியத்தை மாதந்தோறும் தரவேண்டும். அவர் வேறெங்கும் பணிபுரியாதிருக்கவேண்டும். சிறந்த ஏற்பாடுதான். எனினும், 'கடைசியாகப் பெற்ற ஊதியம்' என்பது பணிநீக்கம் செய்யப்பட்ட நாளின் ஊதியம். அரிசி விலை ஏறும், அத்தொகை ஏறாது. பத்தாண்டுக்கு முந்தைய கூலியில் இன்றைய வாடகையைக் கட்டச் சொல்வது போன்றது அது. குறைந்தபட்சக் கூலி உயரும்போதெல்லாம் இத்தொகையும் உயரவேண்டும்.

காலத்தாழ்வு முதலாளிக்கும் நல்லதன்று என்பதைத் தொழில்முனைவோர் பலர் உணர்வதில்லை. பணிநீக்கம் தவறெனத் தீர்ப்பாகும்போது இடைக்காலத்திற்கான பின்னூதியமும் சேர்ந்தே வரும். ஓராண்டில் முடிந்திருந்தால் பன்னிரண்டு மாத ஊதியம். எட்டாண்டுகள் இழுத்தால் தொண்ணூற்றாறு மாத ஊதியம். இருபது பேர் பணிபுரியும் சிறு தொழிற்கூடம் ஒன்று இத்தகைய ஒரே தீர்ப்பால் நிலைகுலையக்கூடும். செருமனியில் பணிநீக்க வழக்குகளில் மனு வந்த இரண்டு வாரத்திற்குள் நீதிபதியின்முன் முதல் சமரசப் பேச்சு நடக்கவேண்டும் எனச் சட்டம் சொல்கிறது. சினம் ஆறாத அந்நாள்களில் சமரசம் எப்படி வரும் எனத் தோன்றலாம். மாறாக, வேலையிடம் இன்னும் வேறொருவரால் நிரப்பப்படாத, பின்னூதியம் இன்னும் பெருந்தொகையாகக் குவியாத அந்நாள்களில்தான் திரும்பச் சேர்வது எளிது.

யார் தொழிலாளி?

வாயிலுக்குள் நுழைய மற்றொரு தகுதிச்சீட்டும் வேண்டும். வழக்கிடுபவர் சட்டத்தின் பொருளில் 'தொழிலாளி'யாகவும், வேலையிடம் 'தொழிலாக'வும் இருக்கவேண்டும். பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில் 1978ஆம் ஆண்டு நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, மருத்துவமனை, கல்வி நிலையம் முதலியவற்றையும் தொழில் என்னும் சொல்லுக்குள் கொண்டுவந்தது. ஒரு சொல்லின் பொருள் விரிந்ததால் எண்ணற்றோர் வாயிலுக்குள் வந்தனர்.

இன்று உணவுப் பொட்டலத்தைச் சுமந்து நம் தெருவில் விரையும் இளைஞர், செயலியை நடத்தும் நிறுவனத்தின் ஆவணங்களில் தொழிலாளி அல்லர், 'கூட்டாளி'. ஒருநாள் காலையில் அவருடைய கணக்கு முடக்கப்பட்டால் அது பணிநீக்கம் ஆகுமா? சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இத்தகையோரை நலத்திட்டங்களுக்கு உரியவராக ஏற்கிறது. தமிழக அரசும் இவர்களுக்கென நல வாரியம் அமைத்துள்ளது. நலவாரியம் உதவித்தொகை தரும். முடக்கிய கணக்கைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் அதற்கில்லை; அது தீர்ப்பாயத்தின் பணி. இலண்டன் ஊபர் ஓட்டுநர்கள் இதே வினாவோடு சென்றது ஒரு கீழ்நிலைப் பணித் தீர்ப்பாயத்திற்கே. ஒப்பந்தத் தாளில் எழுதியிருப்பதைப் பாராமல், கட்டணத்தை யார் குறிக்கிறார், பணியை யார் கட்டுப்படுத்துகிறார் என்பதைப் பார்த்து, 2016ஆம் ஆண்டில் அது அவர்களைப் பணியாளர் என்றது. ஐந்தாண்டுகள் கழித்து, 2021 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அம்முடிவை உறுதிசெய்தது. தாளைவிட நடப்பைப் பார்க்கும் அப்பார்வை, 1920ஆம் ஆண்டில் பெரம்பூர்த் தொழிலாளருக்குக் கிடைக்காமற்போன பார்வை.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களிலும் சென்னையின் கட்டுமானப் பணியிடங்களிலும் ஒடிசா, பீகார், சார்க்கண்ட் மாநிலத்தவர் பெருந்தொகையினராக உழைக்கின்றனர். சென்ற நூற்றாண்டில் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர், புரியாத மொழியில் எழுதப்பட்ட தாள்களில் கைந்நாட்டு வைத்த வரலாற்றை நாம் அறிவோம். நம் மண்ணுக்கு வந்தவரிடம் அவ்வரலாறு திரும்ப நிகழக்கூடாது. அவர் தம் குறையைத் தம் மொழியிலேயே சொல்லவும், அதனைத் தீர்ப்பாயத்திற்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் அங்கே இருக்கவும் வேண்டும். தீர்ப்பின் ஒருபக்கச் சுருக்கம் தமிழருக்குத் தமிழிலும் ஒடியருக்கு ஒடியாவிலும் கையில் தரப்படவேண்டும். வழக்கு முடிவதற்குள் அவர் ஊர் திரும்பிவிட்டிருந்தால், அவ்வூரிலிருந்தே காணொலியில் தோன்றவும், வென்ற தொகையை வங்கிக் கணக்கில் நேரே பெறவும் வழி செய்யவேண்டும்.